பாதி வருமுங்களா?

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய டீக்கடைகளில் காலை பத்தரை மணிக்கு இடம் கிடைக்காது. வாய்தாவுக்கு வந்தவர்கள், சாட்சி சொல்ல வந்தவர்கள், குமாஸ்தாக்கள், கட்டு தூக்கிய இளம் வக்கீல்கள் என்று கூட்டம் நிற்கும். அன்று திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். ஊர், பேர் வேண்டாம். இதே கதையோடு மாதம் நாலு பேராவது வருகிறார்கள் என்பதால் யாருடைய கதை என்பதும் முக்கியமில்லை.

மகளுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். பையன் ஒன்று, பொண்ணு ஒன்று. மாப்பிள்ளைக்கு போர் போடும் ஒரு ரிக் வண்டியில் நாலணா பங்கு, சொந்தமாக ஒரு லாரி, அப்பா நிலத்தில் கட்டிய மாடி வீடு. பிரிவது என்று இரண்டு பக்கமும் முடிவாகிவிட்டது. டீ கைக்கு வந்ததும் அந்த அம்மா கேட்டார்:

"ஏனுங்க மேடம், புருஷன் சொத்துல பொண்டாட்டிக்குப் பாதின்னு ஐகோர்ட்ல சொல்லிட்டாங்களாமே. டிவியில கேட்டனுங்க. பாதி வருமுங்களா?"

அந்தத் தீர்ப்பு வந்த 2023 ஜூனிலிருந்து இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. "இல்லைங்கம்மா, அப்படியே வராது. ஆனா கைக்கு வர வேண்டியது நிறைய இருக்கு. டீயைக் குடிங்க, ஒவ்வொண்ணாச் சொல்றேன்" என்றேன். அங்கே சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஏன் இல்லை என்று பார்ப்போம். நம் நாட்டுச் சட்டத்தில், கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்று ஒரு விதி கிடையாது. தாலி கட்டினாலும் அவர் சொத்து அவருடையது, இவர் சொத்து இவருடையது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்றுதான் நீதிமன்றம் ஆரம்பிக்கும். பணம் என்னுடையது, பெயர் மட்டும் அவளுடையது என்று சொல்கிறவர் அதை நிரூபிக்க வேண்டும். இருவர் பெயரிலும் இருந்தால் இருவருக்கும் பங்கு. 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தில் சொத்தைப் பிரிப்பது பற்றிய பிரிவு ஒன்றே ஒன்று, 27. அதுவும் கல்யாணத்தின்போதோ அதையொட்டியோ கொடுக்கப்பட்டு, இருவருக்கும் பொதுவாக இருக்கிற பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கட்டில், பீரோ, வண்டி மாதிரி. பதினான்கு வருஷத்தில் சம்பாதித்த லாரி அதில் வராது. இந்தியாவில் கோவா இதற்கு விலக்கு. அங்கே போர்த்துகீசியர் விட்டுப்போன 1867ஆம் வருஷத்துச் சிவில் சட்டத்தின் வழியில், வேறு ஒப்பந்தம் எழுதாவிட்டால் தம்பதியின் சொத்து பொதுச் சொத்து, ஆளுக்குப் பாதி.

"அப்ப எம்புள்ள வெறுங்கையோட வர வேண்டியதுதானுங்களா?" என்று அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை வாய் திறக்காத மகளிடம் கேட்டேன்: "கண்ணு, உனக்கு எத்தனை பவுன் போட்டாங்க?"

முப்பத்தைந்து. இப்போது கழுத்தில் கிடப்பது தாலிக்கொடி மட்டும். மீதி எங்கே? கல்யாணமான மூன்றாம் வருஷம், லாரி வாங்க முன்பணம் வேண்டும் என்று இருபது பவுனை அடமானம் வைத்தார்கள். மீட்கவே இல்லை. பத்து பவுன் மாமியார் பீரோவில். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் வட்டாரத்தில் எத்தனை லாரிகளுக்கு அடியில் பெண்களின் நகை கிடக்கிறது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. வண்டிக்கு ஃபைனான்ஸ்காரர் ஒரு பங்கு கொடுப்பார், முன்பணம் பெண்டாட்டி கழுத்திலிருந்து வரும். ஆர்சி புத்தகத்தில் அவள் பெயர் இருக்காது. கோழிப்பண்ணைக்குக் கொட்டகை போடும்போதும், பள்ளிபாளையத்தில் தறி போடும்போதும் இதே கதைதான்.

பொறந்த வீட்டில் போட்ட நகை, சொந்தபந்தம் செய்த சீர், மாப்பிள்ளை வீட்டார் அவளுக்கென்று போட்டது எல்லாமே சீதனம், அதாவது ஸ்திரீதனம். அது அவளுக்கு மட்டுமே சொந்தம், கணவனுக்கு அதில் பங்கில்லை. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: கணவனிடமோ மாமியாரிடமோ அது இருந்தால், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளாகத்தான் இருக்கிறது. திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றம்.

2024 ஏப்ரலில் வந்த ஒரு தீர்ப்பு இன்னும் உதவியானது. கேரளத்துப் பெண் ஒருவர். 89 பவுனோடு கல்யாணம். முதல் ராத்திரியே, பத்திரமாக இருக்கட்டும் என்று கணவர் நகைகளை வாங்கித் தம் அம்மாவிடம் கொடுத்துவிட்டார் என்பது அந்தப் பெண் சொன்னது. பிறகு நகை கடனுக்குப் போய்விட்டது. குடும்ப நீதிமன்றம் 2011இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்ல, உயர் நீதிமன்றம் அதை மாற்ற, உச்ச நீதிமன்றம் கடைசியில் கணவர் 25 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் நம் பெண்களுக்கு வேண்டியவை. ஒன்று, கஷ்டகாலத்தில் கணவன் மனைவியின் நகையை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு. இரண்டு, ஒவ்வொரு வளையலுக்கும் ரசீது காட்டு என்று நீதிமன்றம் கழுத்தைப் பிடிக்கக் கூடாது. நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று தெரிந்தால் போதும். கொலை வழக்கில் கேட்கும் அளவுக்கு ஆதாரம் இங்கே தேவையில்லை.

என்றாலும் காகிதம் இருந்தால் வழக்கு வேகமாக நடக்கும். கல்யாண ஆல்பம், வீடியோ, நகைக்கடைச் சீட்டு, மொய் நோட்டோடு எழுதி வைத்த சீர் லிஸ்ட், அடமானம் வைத்த வங்கியின் நகைக்கடன் விவரம், அதே வாரத்தில் லாரி ஃபைனான்ஸுக்குக் கட்டிய முன்பணம். கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நகை எங்கே போனது என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகளே, கல்யாணத்தில் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுத்த அன்பளிப்புகளைப் பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்கின்றன. நாற்பது வருஷமாக அந்த விதி இருக்கிறது. அப்படி எழுதின பட்டியலோடு என்னிடம் வந்த குடும்பத்தை என் ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். "சம்பந்தி என்ன நினைப்பாங்களோ" என்று விட்டுவிடுகிறார்கள். பந்தி பரிமாறக் கணக்கு எழுதுகிறோம், மொய்க்குக் கணக்கு எழுதுகிறோம், பெண்ணின் பொருளுக்கு எழுதக் கூச்சப்படுகிறோம்.

நகையைக் கேட்க விவாகரத்து வரை காத்திருக்கத் தேவையில்லை. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டால், சீதனத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. குடும்ப நீதிமன்றத்திலும் கேட்கலாம். இந்தச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொது. முஸ்லிம் பெண்ணுக்கு மஹர் தொகையும், கல்யாணத்தில் வந்த பொருள்களும் அவருடையவை என்று 1986ஆம் வருஷத்துச் சட்டம் தனியாகவே சொல்கிறது.

அடுத்து வீடு. "வீட்டைக் கட்டுனதே எம்புள்ள சிறுவாட்டுக் காசுலயும் சேத்துத்தானுங்க" என்றார் அம்மா. நிலம் மாமனார் பெயரில். இதுதான் நம் பக்கத்தில் வருகிற பெரிய சிக்கல். நிலம் யாருடையதோ கட்டிடமும் அவருடையதாகத்தான் போகும். மகன் போட்ட பணமே அங்கே தள்ளாடும்போது மருமகள் போட்ட காசு என்ன ஆகும்? போட்ட பணத்தைக் கேட்கலாம், அதற்கு வங்கிக் கணக்கு வழி ஆதாரம் வேண்டும். வீட்டில் பங்கு கேட்க முடியாது.

ஆனால் கல்யாணம் சட்டப்படி முடிகிற வரைக்கும், குடியிருந்த வீட்டை விட்டு அவளைத் துரத்த முடியாது. வீடு மாமனார் பெயரில் இருந்தால் மருமகளுக்கு அந்த உரிமை கிடையாது என்று 2006இல் ஒரு தீர்ப்பு இருந்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அதை மாற்றிவிட்டது: மாமனார் மாமியாருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், அவள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது அவளுக்கும் குடியிருப்பு. குடியிருக்கும் உரிமை வேறு, சொந்தம் வேறு. கோபத்தில் ஒரு பையோடு கிளம்பி வருகிற பெண்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். அடி உதை இருந்தால் உயிர்தான் முக்கியம், உடனே கிளம்பு. இல்லையென்றால், சாவியைக் கொடுத்துவிட்டு வராதே.

மகள் மெதுவாக, "ஊர்ல பெரியவங்க உக்காந்து பேசறாங்க மேடம். அஞ்சு லட்சம் வாங்கிக்கிட்டு, பத்திரத்துல எழுதிக் குடுத்து அத்துக்கச் சொல்றாங்க" என்றாள்.

முத்திரைத்தாளில் எழுதி, நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிடாது. ஒரு சமூகத்தில் வழக்கப்படி விவாகரத்து உண்டு என்றால் சட்டம் அதை ஏற்கும், ஆனால் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். எல்லோராலும் முடியாது. அதை நம்பி மறுகல்யாணம் செய்துவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. "இனி எனக்கு ஜீவனாம்சம் வேண்டாம்" என்று எழுதி வாங்கிய காகிதத்தை நீதிமன்றம் மதிப்பதும் அரிது. குழந்தைகளின் பராமரிப்பை அம்மா எழுதிக்கொடுத்துவிட முடியவே முடியாது, அது அவர்களுடையது.

இங்கேதான் ஜீவனாம்சம் வருகிறது. சொத்தில் பங்கு இல்லாத நம் நாட்டில், பங்கின் வேலையைக் கொஞ்சமாவது செய்வது இதுதான். வழக்கு நடக்கும்போது இடைக்காலமாக ஒரு தொகை, முடியும்போது மாதாமாதமோ ஒரே தொகையாகவோ நிரந்தரமாக ஒன்று. கொடுக்க வேண்டியவரின் சொத்தின் மேல் அந்தத் தொகையைப் பொறுப்பாக ஏற்றி வைக்கவும் இந்துத் திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இடமுண்டு. விற்றுவிட்டு ஓடிவிடுவாரோ என்ற பயம் உள்ளவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். பலர் கேட்பதே இல்லை.

எவ்வளவு கிடைக்கும்? வருமானத்தைப் பொறுத்தது. மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டு இருக்கிறது. ரிக் வண்டிக்காரரின் வருமானத்தை எப்படிக் காட்டுவது? நீதிமன்றத்துக்கு வந்ததும் "வண்டி ஓட்டமே இல்லீங்க, கடன்தான் இருக்குதுங்க" என்பார்கள். 2020 நவம்பரில், ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி செய்தது. ஜீவனாம்ச வழக்கில் கணவன், மனைவி இருவருமே தங்கள் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். விவசாயக் குடும்பங்களுக்கென்று தனிப் படிவமே இருக்கிறது. பொய் சொன்னால் அதற்கும் தண்டனை உண்டு. மனுப் போட்ட நாளிலிருந்தே தொகை கணக்காகும். எதிர்த் தரப்பு ஒளிப்பதைக் கண்டுபிடிக்க, மனைவிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. எந்த வங்கியில் கணக்கு, எந்தச் சீட்டுக் கம்பெனியில் சீட்டு, எந்த ஊர்ப் பங்காளியோடு வண்டி, எந்த மனை யார் பெயரில். "உனக்குத் தெரிஞ்சதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கிட்டு வா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

கடனையும் எழுதச் சொன்னேன். லாரி ஃபைனான்ஸில் அவள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாள். விவாகரத்து ஆனாலும் அந்தக் கையெழுத்து ரத்தாகாது. அவர் தவணை கட்டாவிட்டால் ஃபைனான்ஸ்காரர் இவள் வாசலுக்குத்தான் வருவார். அதனால் சமரசம் பேசும்போதே கடனை அடைத்தோ ஜாமீனை மாற்றியோ காகிதம் வாங்கிவிட வேண்டும். வீட்டையோ மனையையோ மனைவி பெயருக்கு மாற்றுவதாகப் பேச்சு முடிந்தால், தீர்ப்புக்கு முன்னமே செட்டில்மெண்ட் பத்திரம் பதிந்துவிடுவது நல்லது. குடும்பத்தாருக்குள் எழுதும் பத்திரத்துக்குத் தீர்வைச் சலுகை உண்டு. தீர்ப்பு வந்த பிறகு அவர்கள் கணவன் மனைவி இல்லை.

குழந்தைகளின் பங்கு பற்றி அவ்வளவு பயப்படத் தேவையில்லை. அப்பா அம்மா பிரிந்தாலும் பிள்ளைகள் பிள்ளைகள்தான். பூர்வீகச் சொத்தில் பிறப்பாலே அவர்களுக்குப் பங்கு உண்டு. பெண்பிள்ளைக்கும் சமமாக உண்டு. தமிழ்நாடு 1989லேயே அதைக் கொண்டுவந்தது, 2005இல் நாடு முழுக்க வந்தது. பிள்ளைகள் மைனராக இருக்கும்போது அவர்கள் பங்கு அழிகிற நிலை வந்தால், அம்மா அவர்கள் சார்பில் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். மாமனார் தானே சம்பாதித்தது வேறு, அது அவர் இஷ்டம்.

இப்போது அந்த அம்மா டிவியில் கேட்ட தீர்ப்புக்கு வருகிறேன். அது விவாகரத்து வழக்கே இல்லை. நெய்வேலித் தம்பதி, 1965இல் கல்யாணம். கணவர் 1983 முதல் 1994 வரை சவுதியில் வேலை பார்த்தார். அவர் அனுப்பிய பணத்தில் இங்கே மனைவி சொத்து வாங்கினார், நகை வாங்கினார், மூன்று பிள்ளைகளை வளர்த்தார், தையலும் செய்தார். திரும்பி வந்த கணவர், எல்லாம் என் காசு, இவள் வெறும் காவல்காரி என்று வழக்குப் போட்டார். அவர் இறந்த பிறகும் வழக்கு நடந்தது. 2023 ஜூன் 21ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்புச் சொன்னார். வீட்டை அவள் தாங்கியதால்தான் அவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, அவள் உழைப்பும் அந்தச் சொத்துக்கு அவள் போட்ட பங்கு என்பது சாரம். சில சொத்துகளில் மனைவிக்குச் சமபாதி கிடைத்தது. வீட்டு உழைப்பை மதிக்கச் சட்டம் எதுவும் இதுவரை இயற்றப்படவில்லை, ஆனால் மதிக்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்று நீதிபதி எழுதினார்.

ஒரு வழக்கின் தீர்ப்பு அது. எல்லா மனைவிக்கும் எல்லாச் சொத்திலும் பாதி என்று அதைப் படிக்க முடியாது. ஆனால் அதைப் படித்த அன்று என் மனசில் நின்றது சவுதி இல்லை, திருச்செங்கோடு. நம் ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் போய் மாசக்கணக்கில் போர் போடுகின்றன. இங்கே அவர் அப்பா அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, மாட்டுக்குத் தவிடு வைத்து, வண்டிக்கு வரும் ஆட்களின் முன்பணக் கணக்கை எழுதி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார்? அந்தப் பெண்ணும் பதினான்கு வருஷம் இதைத்தான் செய்தாள். நெய்வேலி அம்மாவுக்கு உண்டு என்றால் இவளுக்கு ஏன் இல்லை?

இதற்கான சொல் தமிழில் எப்போதோ இருந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1706-07இல் எழுதித் தொகுத்தார்கள். அதில் சொத்து மூன்று விதம்: தாய் தகப்பன் வழி வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுத்த சீதனம், கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த தேடிய தேட்டம். அந்தத் தேட்டம் இருவருக்கும் பொதுவானது, இருவருக்கும் சம உரிமை என்று 1911ஆம் வருஷத்து யாழ்ப்பாணச் சட்டம் எழுதியது. குறை இல்லாத சட்டமில்லை அது. கல்யாணமான பெண் தன் நிலத்தை விற்கவே புருஷன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. பின்னால் திருத்தங்களும் வழக்குகளும் நிறைய. ஆனாலும் தேடிய தேட்டம் என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். யார் பெயரில் பத்திரம் என்று அது கேட்கவில்லை. சேர்ந்து வாழ்ந்தபோது தேடியதா என்றுதான் கேட்கிறது. நம் சட்டத்தில் இல்லாதது இந்தக் கேள்விதான்.

இங்கிலாந்தில் 2000ஆம் வருஷம் ஒயிட் தம்பதி என்ற பால்பண்ணை விவசாயிகளின் வழக்கில் பிரபுக்கள் சபை நீதிபதிகள், சம்பாதிப்பவருக்கு ஒரு நியாயம், வீட்டைப் பார்ப்பவருக்கு ஒரு நியாயம் கூடாது என்று முடிவு செய்தார்கள். இங்கேயும் முயற்சி நடந்தது. விவாகரத்தின்போது கணவனின் அசையாச் சொத்திலிருந்து மனைவிக்கு ஈடு தரச் சொல்லும் திருமணச் சட்டத் திருத்த மசோதாவை 2013 ஆகஸ்டில் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. 2014இல் அந்த மக்களவையோடு மசோதாவும் காலாவதியாகிவிட்டது.

டீக்குக் காசு கொடுக்க அந்த அம்மா என்னை விடவில்லை. மகள் போகும்போது, நகைக்கடன் சீட்டு வங்கியில் இன்னும் இருக்குமா என்று கேட்டாள். பழைய கணக்கு விவரம் வேண்டும் என்று எழுதிக் கேள், அடமானம் உன் பெயரில் இருந்தால் கேட்க உனக்கு உரிமை உண்டு என்றேன்.

இதைப் படிக்கிற அப்பாக்களிடமும் அண்ணன்களிடமும் கேட்கிறேன். இந்த வருஷம் உங்கள் வீட்டில் கல்யாணம் என்றால், சீர்ப் பட்டியலை இரண்டு பிரதி எழுதி இரு வீட்டாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கல்யாணமாகிவிட்டது என்றால், அடுத்து வாங்கும் மனையிலும் வண்டியிலும் அவள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், 2013இல் பாதி வழியில் நின்ற அந்த மசோதா எப்போது மறுபடி வரும் என்று கேளுங்கள்.